20 பேரில் 3 பேர் என்பதை எப்படி எழுதுவது?

போன மாதம் முதுகலை மருத்துவம் படிக்கும் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் முடிவுகள் பகுதியை எனக்கு அனுப்பியிருந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்த 20 நோயாளிகளில் 3 பேருக்குக் காயத்தில் தொற்று. அட்டவணையில் அதை இப்படி எழுதியிருந்தார்: "தொற்று 15.00%, 95% நம்பிக்கை இடைவெளி −0.65% முதல் 30.65% வரை." நம்பிக்கை இடைவெளி என்பது, பார்த்த ஆட்களை வைத்து உண்மையான விகிதம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று சொல்லும் வரம்பு. கணக்கில் பிழை இல்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தை அப்படியே போட்டிருக்கிறார், கால்குலேட்டரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் மைனஸ் அரைச் சதவீதம் நோயாளிகளுக்குத் தொற்று வந்தது என்றால் என்ன பொருள்? அவருடைய கைடு, அந்த மைனஸை எடுத்துவிட்டு 0 என்று போட்டுவிடச் சொன்னாராம். அதுவும் சரியில்லை. மூன்று பேருக்குத் தொற்று வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, உண்மையான விகிதம் 0 ஆக இருக்க வழியே கிடையாது.

ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, மாநாட்டு போஸ்டர் என்று எதை எழுதினாலும் "இத்தனை பேரில் இத்தனை பேர்" என்ற எண் வராமல் இருக்காது. அதை எழுத ஒரே வழிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மென்பொருள் கொடுத்ததை எடுத்து ஒட்டிவிடுகிறோம். உண்மையில் அந்த ஒரு வரிக்குள் நாம் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள் பல. எந்த எண்ணால் வகுப்பது, இடைவெளியை எந்த முறையில் போடுவது, இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது கழிப்பதா வகுப்பதா, எத்தனை தசமம் வைப்பது. இவற்றை எதிரெதிரே வைத்துப் பார்த்து, நான் எதை எடுப்பேன், ஏன் என்று சொல்கிறேன்.

வகுக்கும் எண்ணிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இங்கே தவறினால் பின்னால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. ஒரு கருத்தாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 பேருக்குப் படிவம் கொடுத்தீர்கள், 96 பேர் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு 72 பேர்தான் பதில் எழுதியிருக்கிறார்கள், அவர்களில் 45 பேர் "ஆம்" என்றிருக்கிறார்கள். 72ஆல் வகுத்தால் 62.5%, 96ஆல் வகுத்தால் 47%, 120ஆல் வகுத்தால் 37.5%. மூன்றும் ஒரே 45 பேர். "பெரும்பாலானோர் ஆம் என்றனர்" என்று எழுதுவதா "பாதிக்கும் குறைவானோர்" என்று எழுதுவதா என்பதையே பகுதி எண் (கீழே நின்று வகுக்கும் எண்) தீர்மானித்துவிடுகிறது. கருத்தாய்வு என்றால் நான் 72ஐத்தான் எடுப்பேன், பதில் சொல்லாதவரை "இல்லை" என்று சொன்னவராக எண்ணுவது நியாயமில்லை. ஆனால் 120, 96 என்ற இரண்டு எண்களையும் அதே பத்தியிலேயே சொல்லிவிடுவேன், அட்டவணையின் கீழே சிறிய எழுத்தில் தள்ளமாட்டேன். சிகிச்சைச் சோதனை என்றால் தேர்வு நேர்மாறு. அங்கே ஒரு குழுவில் சேர்க்கப்பட்ட எல்லோரும் பகுதி எண்ணில் வர வேண்டும், மருந்தைப் பாதியில் நிறுத்தியவர் உட்பட. ஏனென்றால் பாதியில் போனவர் சும்மா போயிருக்கமாட்டார், பக்கவிளைவு தாங்காமலோ குணம் தெரியாமலோ போயிருப்பார். கடைசிவரை நின்றவர்களை மட்டும் எண்ணினால் மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். வராமல் போனவர்களின் முடிவு தெரியாதே என்றால், அத்தனை பேருக்கும் பலன் இல்லை என்று வைத்து ஒரு முறையும் பலன் உண்டு என்று வைத்து ஒரு முறையும் கணக்கிட்டு, முடிவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டிவிடலாம்.

இனி இடைவெளி. அந்த மைனஸைக் கொண்டுவந்தது எல்லாப் புத்தகத்திலும் முதலில் வரும் வால்ட் முறை. விகிதத்தை எடு, அதை வைத்தே திட்டப்பிழையைக் கணக்கிடு, 1.96ஆல் பெருக்கு, இரண்டு பக்கமும் கூட்டிக் கழி, அவ்வளவுதான். எளிது, அதனால்தான் பரவியது. இதன் கோளாறு எங்கே என்றால், விகிதம் எவ்வளவு ஊசலாடக்கூடும் என்பதை நம் கையில் கிடைத்த அந்த ஒரே விகிதத்தை வைத்தே அளக்கிறது. அந்த விகிதம் 0 பக்கமோ 100 பக்கமோ ஒதுங்கியிருந்தால் ஊசலாட்டமும் சிறிதாகத் தெரியும். 30 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை என்றால் வால்ட் சொல்லும் இடைவெளி 0 முதல் 0 வரை. அதாவது முப்பதே பேரைப் பார்த்துவிட்டு, உலகத்தில் யாருக்கும் வராது என்று சத்தியம் செய்கிறது. பிரவுன், காய், தாஸ்குப்தா என்ற மூவரும் 2001இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக அலசியது. 95% என்று பெயர் போட்ட இடைவெளி உண்மையில் எத்தனை முறை உண்மை விகிதத்தைப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். சிறிய மாதிரியில் மோசம் என்பது முன்பே தெரிந்ததுதான், மாதிரியைப் பெரிதாக்கினால்கூடப் பிடிப்பு ஒரே சீராக உயர்வதில்லை, ஏறி இறங்குகிறது என்று காட்டினார்கள். ஆகவே "என் சாம்பிள் நூறைத் தாண்டிவிட்டது, எனக்கு வால்ட் போதும்" என்பதும் நிற்காது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 1934இல் வந்த கிளாப்பர்–பியர்சன் முறை. இதைத் "துல்லிய முறை" என்று சொல்வார்கள், அந்தப் பெயரைப் பார்த்தே பலர் எடுத்துவிடுகிறார்கள். "வந்தது, வரவில்லை" என்ற எண்ணிக்கைகளுக்கான ஈருறுப்புப் பரவலை நேரடியாகப் பயன்படுத்துவதால் அந்தப் பெயர். இது கொடுக்கும் உறுதி என்னவென்றால், பிடிப்பு எந்த நிலையிலும் 95 சதவீதத்துக்குக் கீழே போகாது. அதற்குக் கொடுக்கும் விலை அகலம், பல இடங்களில் பிடிப்பு 97, 98 என்று தேவைக்கு மேலேயே போய் நிற்கும். நம் மாணவியின் 3/20க்கு இந்த முறை தருவது 3.2% முதல் 37.9% வரை.

நடுவில் இருப்பது எட்வின் வில்சன் 1927இல் எழுதிய முறை. வயதில் கிளாப்பர்–பியர்சனைவிட மூத்தது, ஆனாலும் நம் வகுப்பறைகளில் இதன் பெயரைக் கேட்பதே அரிது. வில்சன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கிடைத்த விகிதத்தைச் சுற்றி எவ்வளவு பிழை என்று கேட்காமல், உண்மை விகிதம் இன்னதாக இருந்தால் 20இல் 3 என்பது வரக்கூடியதுதானா என்று ஒவ்வொரு மதிப்புக்கும் கேட்டு, "வரக்கூடும்" என்று பதில் கிடைத்த மதிப்புகளை எல்லாம் சேர்த்தால் அதுதான் இடைவெளி. பின்னாளில் சி. ஆர். ராவ் 1948இல் வகுத்த ஸ்கோர் சோதனை என்ற பெரிய கோட்பாட்டுக்குள் இதுவும் அடங்கிவிடுகிறது. 3/20க்கு வில்சன் தருவது 5.2% முதல் 36.0% வரை. கீழ் எல்லை 0ஐத் தாண்டிக் கீழே போகாது, மேல் எல்லை 100ஐத் தாண்டாது. இடைவெளி 15ஐச் சுற்றிச் சமமாக இல்லையே, மேல் பக்கம் நீண்டிருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும், 15 சதவீதத்திலிருந்து கீழே இறங்க இடம் குறைவு, மேலே ஏற இடம் நிறைய.

கையில் மென்பொருள் இல்லை, வெறும் கால்குலேட்டர்தான் என்றால் அக்ரெஸ்டியும் கூலும் 1998இல் சொன்ன வழி இருக்கிறது. தொகுதி எண்ணோடு 2, பகுதி எண்ணோடு 4 கூட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் பழைய வால்ட் சூத்திரத்தையே போடுங்கள். 3/20 என்பது 5/24 ஆகிவிடும், இடைவெளி 4.6% முதல் 37.1% வரை வரும். வில்சனுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது பாருங்கள். இரண்டைக் கூட்டுவது ஏதோ குருட்டு வித்தை இல்லை, வில்சன் இடைவெளியின் நடுப்புள்ளியே ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. ஆனால் 5/24ஐ இடைவெளிக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். அட்டவணையில் எழுதும் விகிதம் 3/20, 15% தான்.

என் தேர்வு என்ன என்றால், வழக்கமான ஆய்வேடுகளுக்கும் கட்டுரைகளுக்கும் வில்சன். புதிய மருந்தின் பாதுகாப்பு, நோயறியும் கிட் ஒன்று எத்தனை நோயாளிகளைத் தவறவிடும் என்பது போன்ற, குறைத்துச் சொன்னால் யாருக்காவது உயிர்ச்சேதம் வரக்கூடிய இடங்களில் கிளாப்பர்–பியர்சன். அங்கே கொஞ்சம் அகலமாக இருப்பது நல்லதுதான். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அதில் ப்ராப்.டெஸ்ட் (prop.test) என்ற கட்டளை தருவது வில்சன், ஆனால் நீங்கள் சொல்லாமலே தொடர்ச்சித் திருத்தம் ஒன்றைச் சேர்த்து அகலமாக்கிவிடும், அதை அணைக்க வேண்டும். பைனாம்.டெஸ்ட் (binom.test) தருவது கிளாப்பர்–பியர்சன். எதை எடுத்தாலும் முறையின் பெயரை எழுதிவிடுங்கள், ஒரு சொல்தானே.

யாருக்குமே வரவில்லை என்ற 0 நிலைக்கு மட்டும் மனதிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. ஹான்லியும் லிப்மன்-ஹாண்டும் 1983இல் மருத்துவர்களுக்காக எழுதிப் பரப்பிய "மூன்றின் விதி" அது. 3ஐப் பார்த்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், 95% உறுதியோடு சொல்லக்கூடிய மேல் எல்லை கிடைக்கும். 30 பேரில் 0 என்றால் 3/30, அதாவது 10%. பத்தில் ஒருவருக்கு வரக்கூடிய பக்கவிளைவுகூட 30 பேரில் ஒருவரிடமும் தலைகாட்டாமல் போய்விடலாம் என்பதுதான் இதன் பொருள். "பக்கவிளைவுகள் எதுவும் இல்லை" என்று எழுதப்பட்ட சிறிய ஆய்வு ஒவ்வொன்றையும் படிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 300 பேரில் 0 என்றால்கூட நூறில் ஒருவர் என்ற எல்லைதான்.

இரண்டு குழுக்களை ஒப்பிடும் இடத்துக்கு வருவோம். என் பார்வையில் படிப்பவர் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். கழித்தால் ஓர் எண், வகுத்தால் வேறோர் எண், இரண்டும் உண்மை. அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரிடம் நடந்த ஆஸ்பிரின் சோதனையின் முழு முடிவு 1989இல் வந்தது. சராசரியாக ஐந்து ஆண்டுகள். ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 139 பேருக்கு மாரடைப்பு, போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 239 பேருக்கு. வகுத்துப் பார்த்தால் மாரடைப்பு 42% குறைந்திருக்கிறது (வயது போன்றவற்றைச் சரிக்கட்டிக் கட்டுரை சொன்னது 44%). கழித்துப் பார்த்தால் 2.17 கழித்தல் 1.26, குறைந்தது 0.91 சதவீதப் புள்ளி. ஆட்கணக்கில் சொன்னால், ஆயிரம் பேரில் 22 பேருக்கு வந்திருக்க வேண்டிய மாரடைப்பு 13 பேருக்கு வந்தது, 9 பேர் தப்பினார்கள். இன்னொரு விதமாக, ஒருவரைக் காப்பாற்ற ஏறக்குறைய 110 பேர் ஐந்து ஆண்டு மாத்திரை விழுங்க வேண்டும்.

அதே ஆய்வில் மூளையில் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதமும் எண்ணப்பட்டது. ஆஸ்பிரின் குழுவில் 23, மற்றதில் 12. வகுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கழித்தால் ஆயிரத்தில் ஒருவர் கூடுதல். எண்ணிக்கை சிறியது என்பதால் நம்பிக்கை இடைவெளியும் 0.96 முதல் 4.77 வரை விரிந்து கிடந்தது, 1ஐயும் உள்ளே வைத்துக்கொண்டு. இப்போது ஒருவர் "மாரடைப்பு 44% குறைகிறது, ரத்தக்கசிவு ஆயிரத்தில் ஒருவருக்குக் கூடுகிறது" என்று எழுதினால் ஒரு பொய்யும் இல்லை. இன்னொருவர் "ஆயிரத்தில் ஒன்பது பேர் தப்பலாம், ஆனால் ரத்தக்கசிவு இரண்டு மடங்காகிறது" என்று எழுதினாலும் பொய் இல்லை. முதலாவதைப் படித்தவர் மருந்துக் கடைக்குப் போவார், இரண்டாவதைப் படித்தவர் மாத்திரையைத் தூக்கி எறிவார். நன்மைக்கு ஓர் அளவுகோல், தீமைக்கு வேறோர் அளவுகோல் என்று மாற்றி மாற்றிப் பிடிப்பதைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். இரண்டுக்கும் கழித்தலையும் காட்டுங்கள், வகுத்தலையும் காட்டுங்கள். சிகிச்சைச் சோதனைகளை எழுதுவதற்கான கன்சார்ட் 2010 நெறிமுறையும் இரண்டையும் தரச் சொல்கிறது.

வெறும் மடங்கை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் 1995 அக்டோபரில் நடந்தது பாடம். புதிய தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரிக்கை விட்டது. 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆகிறது என்பதுதான் அந்த இரண்டு மடங்கு. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக நடந்த கருக்கலைப்புகள் 13,000 என்று மதிப்பிட்டார்கள். "7,000 பேரில் ஒருவர் கூடுதல்" என்ற நான்கு சொற்களும் அந்த எச்சரிக்கையோடு சேர்ந்தே ஊர் முழுக்கப் போயிருக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஆட்ஸ் ரேஷியோ. ஒரு குழுவில் நிகழ்வு நடந்தவர்களை நடக்காதவர்களால் வகுத்தால் கிடைப்பது ஆட்ஸ், ஒரு குழுவின் ஆட்ஸை இன்னொரு குழுவின் ஆட்ஸால் வகுத்தால் ஆட்ஸ் ரேஷியோ. லாஜிஸ்டிக் ரெக்ரஷன் போட்டால் மென்பொருள் இதைத்தான் கொடுக்கும் என்பதால் தேவையோ இல்லையோ எல்லோர் அட்டவணையிலும் உட்கார்ந்திருக்கிறது. நிகழ்வு அரிது என்றால் இதற்கும் ரிஸ்க் ரேஷியோவுக்கும் (மேலே இரண்டு குழுக்களின் விகிதங்களை வகுத்துப் பார்த்தோமே, அது) வேறுபாடு தெரியாது, ஆஸ்பிரின் எண்களுக்கு இரண்டையும் போட்டுப் பாருங்கள், இரண்டும் 0.58 தான். நிகழ்வு அடிக்கடி நடப்பது என்றால் கதை மாறிவிடும். 1999இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, நடிகர்களை நோயாளிகளாக நடிக்கவைத்த காணொளிகளை 720 மருத்துவர்களிடம் காட்டி, இதயக் குழாய்ப் பரிசோதனைக்கு யாரை அனுப்புவீர்கள் என்று கேட்டது. வெள்ளையரில் 90.6%, கறுப்பினத்தவரில் 84.7%. ஆட்ஸ் ரேஷியோ 0.6. செய்தி ஊடகங்கள் அதை "கறுப்பினத்தவர் அனுப்பப்படும் வாய்ப்பு 40% குறைவு" என்று எழுதிவிட்டன. 84.7ஐ 90.6ஆல் வகுத்துப் பாருங்கள், 0.93. அதாவது 7% குறைவு. ஷ்வார்ட்ஸ், வோலோஷின், வெல்ச் மூவரும் அதே ஆண்டு இதை எடுத்துக்காட்டி எழுதினார்கள். அவர்கள் காட்டிய இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. வெள்ளை ஆண், வெள்ளைப் பெண், கறுப்பு ஆண் மூன்று பிரிவுக்கும் 90.6% தான், கறுப்புப் பெண்களுக்கு மட்டும் 78.8%. பாரபட்சம் பொய் இல்லை, அது விழுந்த இடம் வேறு. மொத்தமாகச் சேர்த்து ஒரே ரேஷியோவாகச் சுருக்கியதில், உண்மையில் பாதிக்கப்பட்ட பெண்கள் கண்ணில் படாமலே போனார்கள்.

அதற்காக ஆட்ஸ் ரேஷியோவை ஒதுக்கிவிடவும் முடியாது. டாலும் ஹில்லும் 1950இல் வெளியிட்ட லண்டன் ஆய்வைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த ஆண்கள் 649 பேரில் 647 பேர் புகைத்தவர்கள், அந்த நோய் இல்லாத 649 பேரில் 622 பேர் புகைத்தவர்கள். 99.7% எதிர் 95.8%. கழித்தால் நான்கு புள்ளி, வகுத்தால் 1.04, ஒன்றுமே இல்லை போலத் தெரியும். ஆட்ஸ் ரேஷியோ 14. இங்கே உண்மையைச் சொல்வது அதுதான். ஏனென்றால் நோயாளிகள் எத்தனை, நோய் இல்லாதவர்கள் எத்தனை என்று முடிவு செய்தது ஆய்வாளர்கள், ஆகவே அந்த ஆட்களைக் கொண்டு "புகைத்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு நோய்" என்று கணக்கிட முடியாது, பகுதி எண்ணே நாம் உண்டாக்கியதுதானே. இப்படி நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் முதலிலேயே தேர்ந்தெடுக்கும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு என்றால் ஆட்ஸ் ரேஷியோ. ஆட்களைச் சேர்த்துப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு, குலுக்கல் முறைச் சோதனை என்றால் வித்தியாசமும் ரிஸ்க் ரேஷியோவும். நான் மாணவர்களுக்கு இப்படித்தான் பிரித்துச் சொல்கிறேன்.

தசமம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூறு பேருக்குக் கீழே என்றால் முழு எண் போதும், 15.00% என்பதில் இருக்கும் இரண்டு பூஜ்யங்களும் இருபதே பேரிடமிருந்து வந்தவை. பத்துப் பேருக்குக் கீழே என்றால் சதவீதமே வேண்டாம், "7 பேரில் 5 பேர்" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். 15 சதவீதம் 18 ஆனால் "3% கூடியது" என்று எழுதக் கூடாது, 3 சதவீதப் புள்ளி கூடியது, அல்லது 20% கூடியது.

ஆனால் சதவீதம் மட்டுமா, எண்ணிக்கையோடு சதவீதமா என்ற தேர்வில் எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லை. எண்ணிக்கை கட்டாயம் வேண்டும். ஒருமுறை ஒரு கட்டுரைக்கு மதிப்புரை எழுதியவர், அட்டவணை நெரிசலாக இருக்கிறது, பின்னங்களை நீக்கிச் சதவீதத்தை மட்டும் வைக்கவும் என்று எழுதினார். நான் இணங்கவில்லை. பின்னம் இருந்தால் படிப்பவர் தானே வகுத்துச் சரிபார்க்கலாம், வேறு முறையில் இடைவெளி போட்டுப் பார்க்கலாம், பத்து வருடம் கழித்து இன்னொருவர் பல ஆய்வுகளைத் தொகுக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். தவறுகளும் உடனே பிடிபடும். 28 பேரில் 47% என்று ஒரு கட்டுரையில் பார்த்தால், 13/28 என்பது 46%, 14/28 என்பது 50%, நடுவில் 47 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் சராசரிகளுக்காக உருவாக்கிய கிரிம் சோதனை இந்த எளிய எண்ணத்தின் மேல் கட்டியதுதான்.

அந்த மாணவியும் நானும் சேர்ந்து அவர் வரியை மாற்றினோம். "20 நோயாளிகளில் 3 பேருக்குக் காயத் தொற்று ஏற்பட்டது (15%, 95% நம்பிக்கை இடைவெளி 5% முதல் 36% வரை, வில்சன் முறை)." எழுதி முடித்ததும், "இவ்வளவு அகலமா இருக்கே சார், வைவாவில் கேட்கமாட்டாங்களா?" என்றார். கேட்டால், பார்த்தது இருபது பேரை, அவ்வளவுதான் இதிலிருந்து சொல்ல முடியும் என்று சொல்லும்மா என்றேன். அடுத்த நாள் அதே வரியின் கீழே, 5% முதல் 36% வரை இருக்கும் இந்த இடைவெளியைச் சுருக்க எத்தனை நோயாளிகள் தேவை என்று ஒரு பத்தியை அவராகவே சேர்த்து அனுப்பியிருந்தார்.